ஆடி 18-க்குள் ஒரு பழைய சர்வரைக் காலி செய்தது

சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்களுக்கு ஆடிப்பெருக்கில்தான் ஆண்டு பிறக்கும். அன்றைக்குப் பூசை போட்டு, வரப்போகும் ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள், ஆர்டர் வர ஆரம்பிக்கும். என் தாய்மாமாவின் அச்சகத்தில் அந்த ஆர்டர்களைப் பதிந்துவைப்பது, 2015-இல் ஒரு விபிஎஸ்ஸில், அதாவது வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில், ஏற்றிய பிஎச்பி நிரல். கல்லூரி முடித்த புதிதில் நான் எழுதியது. குறை சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆனி மாதம் மாமா கூப்பிட்டார். "மாப்ளே, ஆர்டர் ஃபாரத்துல தமிழ் எல்லாம் கோணக்கோணயா வருதுன்னு ஏஜென்ட்டுக சொல்லிக்கிட்டே இருக்காக. இந்த ஆடிக்காவது சரி பண்ணிருவியா?"

கோணல் என்ன என்று எனக்குத் தெரியும். 'கொ' என்ற எழுத்து யுனிகோடில் ககரம், அதன்பின் ஒகரக்குறி என்ற வரிசையில் கிடக்கும். அச்சில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு முன்னும் பின்னும் உட்கார வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரியாத ஒரு பழைய பிடிஎஃப் நூலகத்தைத்தான் நான் அப்போது போட்டிருந்தேன். இப்போது வீசிபிரின்ட் என்ற பிடிஎஃப் நூலகம் இருக்கிறது. பைத்தானில் ஓடும், உள்ளே பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நூலகங்கள் சேர்ந்து தமிழை ஒழுங்காகக் கோக்கும். ஆனால் என் சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். அதனுடன் வரும் பைத்தான் 2.7, பிஎச்பி 5.4, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 3.10. அங்கிருக்கும் பாங்கோ வீசிபிரின்ட்டுக்குப் போதாது. போதாக்குறைக்கு சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவும் முடிந்துவிட்டது.

ஆகவே டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ் போட்ட ஒரு புதுச் சர்வர் வாங்கினேன். சிக்கல், பழைய நிரலை அங்கே அப்படியே தூக்கிவைக்க முடியாது. அது முழுக்க முழுக்க, தரவுத்தளத்தோடு பேசும் பழைய 'மைஎஸ்க்யூஎல்' வகை ஃபங்ஷன்களால் எழுதியது. பிஎச்பி 7.0-இல் அவற்றை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றி எழுதிப் பரிசோதிக்க என்னால் ஆகாது. எனவே பழைய நிரலை அதன் பழைய சூழலோடு ஒரு கன்டெய்னருக்குள் (நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் சேர்த்துக் கட்டும் பெட்டி) அடைப்பது, பிடிஎஃப் வேலையை இன்னொரு கன்டெய்னரில் புதிதாக எழுதுவது, இரண்டையும் புதுச் சர்வருக்கு அனுப்புவது என்று திட்டம்.

கன்டெய்னர்களை எங்கே கட்டுவது? என் மடிக்கணினியில் ஏஆர்எம் சிப். அங்கே கட்டினால் இன்டெல் வகைக்கு எமுலேஷன் செய்ய வேண்டும், நத்தை வேகம். நிரலும் தரவும் இருப்பது பழைய சர்வரில். ஓடிக்கொண்டிருக்கும் அசலை ஒரு பக்கம் வைத்து, கன்டெய்னரில் வருவது அதேபோல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் வசதி. சரி, டாக்கர் என்ற கன்டெய்னர் கட்டும் கருவியை வைத்துப் பழையதிலேயே கட்டலாம் என்று இறங்கினேன். 1 ஜிபி நினைவகம், ஒரே கோர், 25 ஜிபி வட்டு. கன்டெய்னர் தன்னோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும் என்று நம்பினேன். கெர்னலும் சிபியுவும் மட்டும் அதற்குள் கிடையாது என்பது படித்துத் தெரிந்த விஷயம்தான். அடிபட்டுத் தெரிந்துகொண்டது இந்த முறை.

முதல் நாள், மென்பொருளை இறக்கி நிறுவும் யம் கட்டளையே ஓடவில்லை. சென்ட்ஓஎஸ்ஸின் மிரர்லிஸ்ட் (மென்பொருள் இறக்கும் தளங்களின் பட்டியல்) முகவரியை நிறுத்திவிட்டதால் டிஎன்எஸ்ஸிலேயே பெயர் கிடைப்பதில்லை. ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரிகளை முடக்கிவிட்டு, பேஸ்-யுஆர்எல் வரிகளைத் திறந்து, வால்ட் என்ற ஆவணக் கிடங்கின் முகவரிக்குத் திருப்ப வேண்டும். இதே வேலையை சென்ட்ஓஎஸ் 7 இமேஜுக்குள்ளும் (கன்டெய்னரை ஓட்டுவதற்கான அச்சு), அதாவது டாக்கர்ஃபைல் என்ற கட்டும் குறிப்பின் தொடக்கத்திலேயே, செய்ய வேண்டும். அதன்பின் அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி, அதன் பட நூலகமான ஜிடி எல்லாம் அசலில் உள்ள அதே பதிப்பாக இறங்கின. பழைய நிரல் முதல் முயற்சியிலேயே கன்டெய்னருக்குள் முகப்புப் பக்கத்தைக் காட்டிவிட்டது. இவ்வளவுதானா என்று தோன்றியது.

இரண்டாவது கன்டெய்னரில்தான் ஆரம்பித்தது. சென்ட்ஓஎஸ் பழக்கத்தில் முதலில் அதே ரெட்ஹாட் குடும்பத்தின் ஆல்மாலினக்ஸ் 9 இமேஜை எடுத்தேன். இறங்கியது, ஓட்டியதும் ஒரே வரியில் செத்தது: இந்தச் சிபியுவில் எக்ஸ்86-64-வி2 (சற்றுப் புதிய சிபியுக்களின் கட்டளைத் தொகுதி) இல்லை என்று லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி சொன்னது. சிபியு விவரத்தை எடுத்துப் பார்த்தால் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூஈஎம்யு வர்ச்சுவல் சிபியு' என்று இருக்கிறது. அடியில் உள்ள நிஜ இயந்திரம் எதுவாக இருந்தாலும், மெய்நிகர் சர்வருக்கு அந்தக் காலத்துப் பொதுவான சிபியு முகமூடியைத்தான் மாட்டியிருக்கிறார்கள். வி2-க்கு வேண்டிய எஸ்எஸ்ஈ 4.2 கொடி அந்த விவரப் பட்டியலில் இல்லை. ரெட்ஹாட் 9 குடும்பம் முழுதும் அதை எதிர்பார்த்தே தொகுக்கப்பட்டது. சர்வர் தந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பழைய திட்டத்தில் மாற்றித் தர முடியாதாம், புதுத் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். டெபியன் 12 இன்னும் அடிப்படை எக்ஸ்86-64-க்கே தொகுக்கப்படுகிறது என்பதால் அதற்குத் தாவினேன். பைத்தானின் ஸ்லிம் இமேஜ், டெபியன் 12 அடித்தளம்.

அங்கே டெபியனின் மென்பொருள் நிறுவியான ஏப்ட்டுக்கு அப்டேட் கொடுத்தால், களஞ்சியத்தின் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை, பொதுச் சாவி இல்லை என்று வந்தது. இதில் ஒரு முழு மாலை போயிற்று. சர்வரின் கடிகாரம் தவறாக இருக்குமோ என்று பார்த்தேன், சரியாக இருந்தது. வட்டு நிரம்பிவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. சாவிக் கோப்பை நானே இறக்கி உள்ளே நகலெடுத்தேன், அப்போதும் அதே பதில். வெறுத்துப்போய் ஏப்ட்டை விட்டுவிட்டு பிப் கட்டளையையாவது பார்ப்போம் என்று ஒரு பைத்தான் தொகுப்பை நிறுவப் போனேன். அது வேறு மாதிரிச் சொன்னது: புதிய த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) தொடங்க முடியவில்லை. முன்னேற்றப் பட்டையை வரைவதற்கு பிப் ஒரு த்ரெட் தொடங்கும், அதுவே முடியவில்லை.

அந்த வரிதான் துப்பு. ஜிலிப்சி 2.34 முதல் த்ரெட் தொடங்க க்ளோன்3 என்ற புதிய சிஸ்டம் காலைத்தான் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) முதலில் கூப்பிடுகிறது. என் 3.10 கெர்னலில் அது கிடையாது. கிடையாது என்றால் கெர்னல் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும், ஜிலிப்சியும் பழைய க்ளோனுக்குத் திரும்பிவிடும், பிரச்சினை வந்திருக்காது. ஆனால் கெர்னலுக்குப் போவதற்கு முன் எந்த அழைப்பை உள்ளே விடலாம் என்று பார்க்கும் டாக்கரின் செக்கம்ப் வடிகட்டி நிற்கிறது. சென்ட்ஓஎஸ் 7-உடன் வருவது டாக்கர் 1.13, 2017-இன் சரக்கு. அதன் பட்டியலில் இல்லாத அழைப்பு எதுவாக இருந்தாலும் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பும். 'இல்லை' என்பதும் 'அனுமதி இல்லை' என்பதும் ஜிலிப்சிக்கு வேறுவேறு. அனுமதி இல்லை என்றால் மாற்றுவழி தேடாது, அங்கேயே கைவிட்டுவிடும். கடைக்காரர் "சரக்கு இல்லை" என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம், "உனக்குத் தரமாட்டேன்" என்றால் சண்டைதான்.

ஊர்ஜிதம் செய்ய, செக்கம்ப்பை முழுதாக அணைத்து ஒரே ஒரு முறை ஓட்டினேன். ஏப்ட்டும் ஓடியது, பிப்பும் ஓடியது. கையெழுத்துப் பிழை என்று சொன்னதும் இதே காரணத்தால்தான். பலர் இந்த இடத்தில் செக்கம்ப்பை அணைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பூட்டு சிக்குகிறது என்று கதவைக் கழற்றிவைத்த கதை. டாக்கர் நிறுவனத்தின் சொந்த ரெப்போவைச் சேர்த்து, சென்ட்ஓஎஸ் 7-க்கு அவர்கள் கடைசியாக விட்ட 26-ஆம் வரிசைப் பதிப்பை ஏற்றினேன். 20.10.10-க்குப் பிறகு வந்த எதுவும் க்ளோன்3-க்குச் சரியான பதிலைச் சொல்லும். ஒரு கட்டத்தில் தொகுத்து, முடிந்த சரக்கை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் பல-கட்ட பில்டும் இதனுடன் கிடைத்தது. 1.13-இல் அது இல்லை.

பழைய டாக்கர் அடைவை முழுதும் துடைத்துவிட்டுத்தான் புதியதை ஏற்றினேன். நான்கைந்து முறை பில்ட் செய்ததும் வட்டு 92 சதவீதம். இமேஜோ 400 எம்பிதான். டாக்கர் இன்ஃபோவில் சேமிப்பு இயக்கி விஎஃப்எஸ் என்று இருந்தது. அது அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்காது, ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே இருப்பதையெல்லாம் சேர்த்து முழு நகல் எடுக்கும். அடுக்குகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓவர்லே2 இயக்கி ஏன் வரவில்லை? கெர்னலைக் குறை சொல்ல முடியாது, சென்ட்ஓஎஸ் 7-இன் கடைசி 3.10-இல் ஓவர்லே2-க்கு வேண்டிய திருத்தங்களை ரெட்ஹாட் பின்னோக்கிச் சேர்த்திருக்கிறது. காரணம் ஃபைல் சிஸ்டம். 2015-இல் ஃபார்மேட் செய்த எக்ஸ்எஃப்எஸ்ஸில் எஃப்டைப் மதிப்பு 0. அடைவுப் பட்டியலிலேயே ஒவ்வொரு பெயரும் கோப்பா, அடைவா, இணைப்பா என்று குறித்துவைக்கும் வசதி அது. இல்லாவிட்டால் ஓவர்லே2 மறுத்துவிடும். முன்பெல்லாம் இந்த நிலையில் டிவைஸ்மேப்பர் என்ற இன்னொரு இயக்கி கைகொடுக்கும், டாக்கர் 25-இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

எஃப்டைப்பை மாற்ற வேண்டுமானால் வட்டை மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அதற்கு வழியில்லை. அதற்குப் பதிலாக 8 ஜிபி-க்கு ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கி, அதை எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்து, லூப் சாதனமாக (கோப்பையே வட்டுபோல் காட்டும் வழி) டாக்கர் அடைவின்மேல் மவுன்ட் செய்தேன். சர்வர் எழும்போது அது தானாக மவுன்ட் ஆக எஃப்ஸ்டேபில் ஒரு வரி. டாக்கரை மறுபடி தொடங்கியதும் ஓவர்லே2 என்று காட்டியது. வேகம் கொஞ்சம் குறையும், பில்ட் செய்வதற்கு அது போதும். இதில் எதிர்பாராத நன்மை: டாக்கர் எவ்வளவு தின்றாலும் அந்த 8 ஜிபி-க்குள்தான், அசல் நிரலின் வட்டைத் தொட முடியாது.

வட்டைக் காப்பாற்றினேன், நினைவகத்தைக் காப்பாற்ற மறந்தேன். ஒரு நாள் பகல் 11 மணிக்கு, போன ஆண்டின் ஆர்டர்கள் முழுவதையும் புதுக் கன்டெய்னரில் பிடிஎஃப் ஆக்கிப் பார்த்தேன். கூடவே ஒரு சோதனை மரியாடிபி தரவுத்தளமும் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் அழைப்பு வந்தது. "மாப்ளே, பேஜே தொறக்க மாட்டேங்குது. நீ எதையும் தொட்டியா?" தொட்டேன். நினைவகம் தீர்ந்ததும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் இருப்பதிலேயே பெரிய ஆளாகப் பார்த்து வெட்டியிருக்கிறது, அது அசல் தரவுத்தளம். நினைவகம் போதாதபோது கைகொடுக்க வட்டில் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு போட்டேன். இந்த வயதுள்ள கெர்னலில், எக்ஸ்எஃப்எஸ்ஸின் மேல், ஃபாலோகேட் கட்டளையால் உருவாக்கிய கோப்பை ஸ்வாப்பாக ஏற்காது. டிடி கட்டளையால் நிஜமாகவே பூஜ்யங்களை எழுதித்தான் உருவாக்க வேண்டும். கன்டெய்னர்களுக்குத் தலா 300 எம்பி வரம்பும் வைத்தேன். அன்று முதல் பெரிய சோதனையெல்லாம் இரவு 10-க்கு மேல்.

அடுத்தது தரவு. டெபியன் பக்கம் மரியாடிபி 10.11 கன்டெய்னர் என்று முடிவு செய்து, வழக்கம்போல் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் தரவை ஒரு கோப்பாக எடுத்தேன். கோப்பு எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்கு. திறந்தால் தமிழே இல்லை, தலைக்குமேல் கோடுபோட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டம். காரணம் நான் 2015-இல் செய்த பிழை. அட்டவணையின் எழுத்துத்தொகுதி அன்றைய இயல்புநிலையான லத்தீன்1. பிஎச்பி இணைப்பும் லத்தீன்1. உள்ளே போனதோ யுடிஎஃப்-8 தமிழ். இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் பத்து ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. டம்ப் மட்டும் இயல்பாக யுடிஎஃப்-8-இல் கேட்கிறது. உடனே தரவுத்தளம் ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்து என்று நம்பி மொழிமாற்றித் தருகிறது. மூன்று பைட் தமிழ் எழுத்து ஆறு, ஏழு பைட் ஆகிறது.

தீர்வு, அதே பொய்யை டம்ப்பிடமும் சொல்வது. இயல்பு எழுத்துத்தொகுதி லத்தீன்1 என்று கொடுத்து, கோப்பின் தலையில் எழுத்துத்தொகுதி வரி எழுதாமல் எடுத்தால், பைட்டுகள் அப்படியே வெளியே வரும், எடிட்டரில் திறந்தால் சுத்தமான தமிழ். பிறகு அட்டவணை வரையறைகளில் லத்தீன்1 என்று இருப்பதை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, அதே தொகுதியைச் சொல்லி உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது நடுவில் நின்றது, செல்லாத எழுத்து என்று. வாடிக்கையாளர் பெயருக்கு நான் ஒதுக்கியிருந்தது 50 இடம். லத்தீன்1-இல் 50 இடம் என்றால் 50 பைட், தமிழில் 16 குறியீடு போக இரண்டு பைட் மிச்சம். நீளமான கடைப் பெயர்கள் எல்லாம் அரை எழுத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தன. ஐகான்வ் கட்டளையால் அந்த அரைகுறை பைட்டுகளை நீக்கிவிட்டு ஏற்றினேன். மாமாவிடம் சொன்னபோது, "நான் நம்ம பயலுகதான் பாதியில டைப் அடிக்கிறதை விட்டுர்றானுகன்னு திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றார். வெட்டுப்பட்டது திரும்பி வராது. அவர் பழைய பில் புத்தகத்தை வைத்து 60 பெயருக்குமேல் கையால் திருத்தினார்.

பிஎச்பி பக்கம் இணைப்பு முடிந்ததும் எழுத்துத்தொகுதி யுடிஎஃப்-8 என்று சொல்லும் ஒரு வரி சேர்த்தேன். அதுவும் தரவுத்தள முகவரியும்தான் பழைய நிரலில் நான் தொட்டவை.

அனுப்பும் வேலை எளிது என்றே தொடங்கியது. டாக்கர் சேவ், அதை ஜிஜிப்புக்கு, அதை எஸ்எஸ்ஹெச் வழியாகப் புதுச் சர்வரின் டாக்கர் லோடுக்கு, எல்லாம் ஒரே குழாயில். எந்த வெளிக் களஞ்சியமும் வேண்டாம். ஆனால் பிடிஎஃப் வார்ப்புருவில் ஒரு வரி மாற்றினாலும் 160 எம்பி மொத்தமாகப் போகும். மூன்றாம் முறை பொறுமை போய், புதுச் சர்வரில், இமேஜ்களைச் சேமித்துவைக்கும் ஒரு ரெஜிஸ்ட்ரி கன்டெய்னரை உள்முகவரி 127.0.0.1-இன் 5000-ஆம் போர்ட்டில் மட்டும் ஓடவிட்டேன். பழைய சர்வரிலிருந்து எஸ்எஸ்ஹெச் சுரங்கம் போட்டு அதே எண்ணைத் தன் பக்கம் திறந்துகொண்டேன். டாக்கர் உள்முகவரி ரெஜிஸ்ட்ரிக்குச் சான்றிதழ் கேட்காது. இப்போது புஷ் செய்தால் மாறிய அடுக்கு மட்டும் போகிறது, சில நூறு கேபி.

புதுச் சர்வரில் பிஎச்பி கன்டெய்னர் எழவே இல்லை. பழையதில் ஒரு வாரம் ஓடிய அதே இமேஜ். சோம்பேறித்தனத்தில் நான் அதற்குள் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியை வைத்து, அப்பாச்சியையும் க்ரான் (நேரம் வைத்து ஓடும்) வேலையையும் அதன் கையில் கொடுத்திருந்தேன். சென்ட்ஓஎஸ் 7-இன் சிஸ்டம்டிக்கு சிகுரூப் (நிரல்களைக் குழுவாக்கி வளங்களைப் பங்கிடும் கெர்னல் வசதி) முதல் பதிப்புதான் தெரியும். டெபியன் 12-இன் கெர்னல் தருவது இரண்டாம் பதிப்பு. மவுன்ட் செய்ய முடியாமல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இதுவரை பழைய கெர்னலில் புதிய பெட்டி படாதபாடு பட்டது, இப்போது புதிய கெர்னலில் பழைய பெட்டி. புது ஹோஸ்ட்டைப் பழைய சிகுரூப்புக்குத் திருப்பும் பூட் விருப்பம் உண்டு. ஒரு க்ரான் வேலைக்காகச் சர்வரையே பின்னோக்கித் தள்ள மனமில்லை. சிஸ்டம்டியைத் தூக்கிவிட்டு அப்பாச்சியை முன்னணியில் நேரடியாக ஓடவிட்டேன். க்ரான் வேலையை ஹோஸ்ட்டின் க்ரானிலிருந்து டாக்கர் எக்ஸெக் மூலம் கூப்பிட்டேன்.

அப்புறம் ஆர்டர் சேமிக்கும்போது பிழை. தொகை கட்டத்தைக் காலியாக விட்டால் பழைய மரியாடிபி 5.5 பேசாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். 10.2.4 முதல் கண்டிப்பு முறைதான் இயல்புநிலை, காலிச் சரத்தை எண் கட்டத்தில் ஏற்காது. நியாயமாகப் பார்த்தால் நிரலைத் திருத்த வேண்டும். ஆடிக்கு நான்கு நாள் இருந்தது, அந்தக் கண்டிப்பு போக எஸ்க்யூஎல் மோடைக் காலியாக வைத்தேன்.

கடைசியாக ஒரு நடுக்கம். யுஎஃப்டபிள்யு ஃபயர்வாலில் 22, 443 போர்ட்டுகளை மட்டும் திறந்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். கைபேசியின் டேட்டாவிலிருந்து சும்மா தரவுத்தளத்தின் 3306-ஐத் தட்டிப் பார்த்தால் மரியாடிபி பதில் சொல்கிறது. டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் கெர்னலின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின், முகவரி மாற்றும் நேட் அடுக்கிலேயே திருப்பிவிடப்படும், யுஎஃப்டபிள்யுவின் விதிகளுக்கு அவை வந்து சேர்வதே இல்லை. சோதனைக்காகத் திறந்த போர்ட், அப்படியே டாக்கரின் கம்போஸ் அமைப்புக் கோப்பில் தங்கிவிட்டது. அந்த வரியை நீக்கினேன், வெளியே தெரிய வேண்டிய மற்றவற்றுக்கும் முன்னால் 127.0.0.1 சேர்த்து, எல்லாம் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வழியாகவே வரட்டும் என்று விட்டேன். பிஎச்பி 5.4-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2015-உடன் நின்றுவிட்டது, கன்டெய்னருக்குள் வைத்ததால் அது இளமையாகிவிடாது. அதனால் என்ஜின்எக்ஸிலேயே இன்னொரு கடவுச்சொல் கேட்கவைத்தேன். ஏஜென்ட்டுகள் இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று மத்தியானம் முதல் ஆர்டர் ஃபாரத்தை மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொடைக்கானலில் ஒரு கடை. 'கொ' நேராக நின்றது. கூடவே ஒரு குரல் செய்தி: "தமிழ் நல்லாருக்கு மாப்ளே. எழுத்து கொஞ்சம் பொடுசா இருக்கு, பெருசு பண்ணு." வார்ப்புருவில் ஒரு எண்ணை மாற்றி, பழைய சர்வரில் பில்ட் செய்து, சுரங்கம் வழியாகத் தள்ளினேன். பழைய சர்வருக்குப் பணம் கட்டியிருப்பது மார்கழி வரைக்கும். அதற்குள் மாற்ற வேண்டிய 'மைஎஸ்க்யூஎல்' அழைப்புகளை எண்ணிப் பார்த்தேன், 340 இடம். இதுவரை 22 முடிந்திருக்கிறது.